ஆயிரம் திரெட் கவுண்ட் பெட்ஷீட் வாங்கலாமா?

கேள்வி: 9 ஏப்ரல் 2024

சென்னையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. ராத்திரி வியர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இப்போது விரித்திருக்கும் ஷீட் வழுக்குகிறது, முதுகு அரிக்கிறது என்கிறார். ஆன்லைனில் '1000 திரெட் கவுண்ட், எகிப்து காட்டன் ஃபீல்' என்று ஒரு டபுள் பெட்ஷீட்டும் இரண்டு தலையணை உறையும் சேர்த்து 899 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். கவுண்ட் கூடினால் தரம் கூடும் என்கிறார்களே, இதையே வாங்கிவிடலாமா?

9 ஏப்ரல் 2024, இரவு 9.40

வாங்காதீர்கள்.

'காட்டன் ஃபீல்' என்று போட்டிருந்தால் அது காட்டன் இல்லை. அந்தப் பக்கத்திலேயே இன்னும் கீழே போய் விவரம் பாருங்கள். மைக்ரோஃபைபர் (அதுவும் மெல்லிய பாலியஸ்டர் இழைதான்) என்றோ பாலியஸ்டர் என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். பருத்தி காற்றில் இருக்கும் ஈரத்தையே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. இப்போது விரித்திருப்பது வழுக்குகிறது என்றால் அதுவும் பாலியஸ்டராகத்தான் இருக்க வேண்டும். அம்மாவின் முதுகுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் வியர்வை போக இடமில்லாமல் நிற்கிறது. அரிப்புக்குத் தோல் டாக்டரைப் பாருங்கள், அதற்காகக் காத்திருக்காமல் ஷீட்டை இன்றைக்கே மாற்றுங்கள். வீட்டில் பழைய பருத்திப் போர்வையோ நாலு முழ வேட்டியோ இருந்தால் அதை விரித்துப் படுக்கச் சொல்லுங்கள். ஒரே ராத்திரியில் வித்தியாசம் தெரியும்.

9 ஏப்ரல், இரவு 11.15

திரெட் கவுண்ட் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கரூர். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஏற்றுமதி பெட்ஷீட் கம்பெனிகளில் செக்கிங் பிரிவில்தான் வேலை பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

துணியில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சதுரம் எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக்கே போகும் பாவு நூலையும் குறுக்கே போகும் ஊடை நூலையும் எண்ணிக் கூட்டினால் வருவதுதான் திரெட் கவுண்ட். பாவு 110, ஊடை 90 என்றால் 200. அவ்வளவுதான் விஷயம். இதை எண்ண பிக் கிளாஸ் என்று ஒரு குட்டி லென்ஸ் இருக்கும், தீப்பெட்டி மாதிரி மடங்கும். துணி மேல் நிற்க வைத்து, உள்ளே இருக்கும் முள்ளைத் திருகினால் அது நூல் நூலாகத் தாண்டிப் போகும். கீழே விளக்கு வைத்த கண்ணாடி மேஜையில் துணியைப் போட்டுக் குனிந்து எண்ணும்போது, ஒரு நூல் தடித்து ஒரு நூல் மெலிந்து இருப்பதும், ஓர் இடத்தில் பாவு அறுந்து வெறும் கோடாக ஓடுவதும் பளிச்சென்று தெரியும். எண்ணிக்கை சரியாக இருந்து துணி மட்டமாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை குறைவாக இருந்து பத்து வருஷம் உழைத்த ஷீட்டையும் பார்த்திருக்கிறேன். எனக்கு முதலில் நூல், பிறகு நெசவு, அப்புறம்தான் எண்ணிக்கை.

ஒற்றை நூலில் நெய்த பருத்தி ஷீட்டுக்கு 200 முதல் 400 வரை போதும். அதற்கு மேல் பாக்கெட்டில் எண் ஏற ஏற சந்தேகப்படுங்கள்.

10 ஏப்ரல், காலை 7.30

"ஒரே அங்குலத்துக்குள் 1000 நூலை எப்படி அடைக்க முடியும்?" என்று திருச்சியிலிருந்து கேட்டவருக்கு. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இரண்டு வழி உண்டு. மெல்லிய நூல்களை இரண்டாகவோ மூன்றாகவோ முறுக்கி ஒரே நூலாக்கி நெய்துவிட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணுவது ஒன்று. தறியில் ஒரே தடவையில் பல ஊடை நூல்களைச் சேர்த்து ஓடவிட்டு அத்தனையையும் எண்ணுவது இன்னொன்று. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி3775 சோதனை முறை, முறுக்கிய நூலை ஒன்றாகத்தான் எண்ணச் சொல்கிறது. அப்படி எண்ணினால் பல 1000 கவுண்ட் ஷீட்டுகள் 300, 400இல் வந்து நிற்கும். மைக்ரோஃபைபரில் போடும் 1000க்கு இந்தக் கணக்குகூடக் கிடையாது.

10 ஏப்ரல், இரவு 10.05

இந்தப் பொய்க் கவுண்டை வீட்டிலேயே பிடிக்கலாம். சமையலறைத் தராசு இருந்தால் போதும்.

நூலுக்கு நம்பர் உண்டு. 840 கெஜம் நீள நூலைச் சுற்றிய கட்டுக்குச் சிட்டம் என்று பெயர். அப்படி எத்தனை சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் 40 சிட்டம் சேர்ந்து ஒரு பவுண்டு. நம்பர் கூடக் கூட நூல் மெலியும். ஷீட்டுக்கு 40, 60 நம்பர்கள்தான் அதிகம் புழங்குபவை.

இனி கணக்கு. திரெட் கவுண்டை நூல் நம்பரால் வகுத்து 25ஆல் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை ஏறக்குறைய கிராமில் வந்துவிடும். 200 கவுண்ட், 40ஆம் நம்பர் நூல்: ஐந்து, இருபத்தைந்தால் பெருக்க 125 கிராம். 90க்கு 100 அங்குல டபுள் ஷீட் என்பது 5.8 சதுர மீட்டர். அப்படியானால் ஷீட்டின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். 300 கவுண்டில் 60ஆம் நம்பர் நூல் என்றாலும் அதே எடைதான். நூல் மெலிந்துவிட்டதே.

60ஆம் நம்பரில் நிஜமாகவே 1000 கவுண்ட் நெய்தால் சதுர மீட்டருக்கு 415 கிராமுக்கு மேல் போகும். கனமான ஜீன்ஸ் பேண்ட் துணி இந்த எடைதான். டபுள் ஷீட் மட்டும் 2.4 கிலோ இருக்கும். அதை விரித்துச் சித்திரை மாதம் சென்னையில் படுக்க முடியுமா? 100ஆம் நம்பர் நூலில் நெய்திருந்தாலும் ஒன்றரை கிலோவை நெருங்கும், அந்த நூலின் விலைக்கு 899 ரூபாயில் ஷீட் வரவே வராது. கேள்வி கேட்டவர் சொன்ன பாக்கெட் உறைகளோடு சேர்த்தே ஒரு கிலோவைத் தொடாது என்று நினைக்கிறேன். விவரப் பகுதியில் எடை போட்டிருந்தால் பாருங்கள்.

11 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் பார்த்துச் சொல்லிவிட்டார். மொத்தம் 780 கிராம்.

13 ஏப்ரல், மதியம்

"எகிப்து காட்டன் என்றாலே நம்பலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பருத்திக்கு மதிப்பு இழை நீளத்தால் வந்தது. இழை நீளமாக இருந்தால் நூலில் முனைகள் குறையும், முனைகள் குறைந்தால் பிசிறு எழும்பாது, மெல்லிய நூலும் அறுபடாமல் நிற்கும். ஆனால் பெயரை மட்டும் வைத்து நம்ப முடியாது. 2016இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகள், எகிப்து பருத்தி என்று விற்ற ஷீட், தலையணை உறைகளில் சுமார் ஏழரை லட்சம் உருப்படிகள் வேறு பருத்தி என்று கண்டுபிடித்து, அனுப்பிய நிறுவனத்தோடு வியாபாரத்தையே முறித்துக்கொண்டன. வாங்கியவர்களுக்குப் பணமும் திரும்பக் கிடைத்தது. அவ்வளவு பெரிய கடைக்கே அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது. நாம் எம்மாத்திரம்?

நம் ஊரிலேயே சுவின் என்று ஒரு பருத்தி உண்டு. கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் ஒட்டி உருவாக்கினார்கள், இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சுவின். நம் நாட்டில் இவ்வளவு நீளமான இழை வேறு ரகத்துக்குக் கிடையாது. விளைச்சல் ரொம்பக் குறைந்துபோனது எனக்கு மனசு கேட்காத விஷயம். அந்த நூல் விரலில் ஓடும் விதமே தனி.

13 ஏப்ரல், இரவு

கடைக்குப் போய் வாங்குகிறவர்களுக்கு, நான் செய்வது இது.

ஷீட்டைப் பிரிக்கச் சொல்லி ஒற்றை மடிப்பாக வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். சீராகத் தெரிந்தால் சரி. அங்கங்கே மேகம் மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நூல் சமமில்லை. பிறகு ஓரத்தை இரண்டு கையாலும் கசக்கித் தேய்ப்பேன். விரலில் வெள்ளையாகத் தூள் ஒட்டினால் கஞ்சி ஏற்றி மொடமொடப்பாக்கியிருக்கிறார்கள், இரண்டு சலவையில் வலை மாதிரி ஆகிவிடும். கைக்குட்டையை நனைத்துச் சாயத்தின் மேல் தேய்ப்பேன், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அப்புறம் ஒரு துளித் தண்ணீர். துணி மேல் உருண்டு நின்றால் மேலே ஏதோ பூசியிருக்கிறது அல்லது பாலியஸ்டர்.

வாங்கி வந்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவிச் சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கறுப்பாகக் கெட்டி உருண்டை நிற்கும். கலப்பு என்றால் சாம்பலுக்குள் அந்த உருண்டை நெருடும். பாவிலிருந்து ஒன்று, ஊடையிலிருந்து ஒன்று எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பருத்தி ஓட்டிய ஷீட்டுகளும் வருகின்றன.

16 ஏப்ரல், இரவு 10.30

நெசவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பெர்கேலா, சாட்டினா என்று கேட்கிறார்கள்.

பெர்கேல் என்பது ஒன்று மேலே, ஒன்று கீழே என்று போகும் சாதா நெசவு. பாப்ளின், கேம்பிரிக் எல்லாம் இந்தக் குடும்பம்தான். தொட்டால் புதுச் சட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். துணி உடம்பில் ஒட்டாது, நடுவில் காற்று போகும். சாட்டின் நெசவில் நூல் நாலு தாண்டி ஒன்றுக்கு அடியில் போகும். நீளமான நூல் மேலே மிதப்பதால் பளபளப்பும் வழுவழுப்பும் வரும், நெருக்கி நெய்யவும் முடியும். ஆனால் அப்படி மிதக்கும் நூலில் மெட்டியோ வளையலோ மாட்டினால் இழுத்துக்கொள்ளும், தேய்ந்தால் பிசிறு உருளும், கதகதப்பும் கூடுதல். ஹோட்டல்களில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையில் வெள்ளைக் கோடு போட்ட ஷீட் பார்த்திருப்பீர்கள். ஒரே ஷீட்டில் நெசவை மாற்றி மாற்றிப் போட்டு வருவது அது.

என் கட்சி பெர்கேல். எட்டு மாதம் வியர்க்கும் ஊரில் வேறு எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

17 ஏப்ரல், காலை

நேற்று எழுதியதைச் சென்னையை மனதில் வைத்துப் படியுங்கள். ஊட்டியிலிருந்து ஒருவர் "பெர்கேல் வாங்கிக் குளிரில் நடுங்குகிறோம்" என்கிறார். நியாயம்தான். மலை ஊருக்குச் சாட்டின் நெசவு, இல்லாவிட்டால் கனமான கைத்தறி. ராத்திரி முழுக்க ஏசி 22இல் ஓடும் வீட்டையும் மலை ஊர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

21 ஏப்ரல்

கைத்தறி என்றதும் பவானி பெட்ஷீட் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். பவானிக்குப் பெயர் ஜமக்காளத்தில். அது தரையில் விரிக்கக் கனமாக, பட்டைப் பட்டையாக நிறம் வைத்து நெய்வது, புவிசார் குறியீடும் அதற்குத்தான். பெட்ஷீட்டுக்கும் போர்வைக்கும் சென்னிமலை. இரண்டும் ஈரோடு மாவட்டம் என்பதால் குழப்பம் வருகிறது. சென்னிமலை ஷீட்டில் நூல் தடிமன், அடித்த ஊடை இறுக்கம், நிறத்தை நூலிலேயே ஏற்றி நெய்வதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பச்சைக் கட்டம் போட்டது, என் மாமியார் சீராக வந்தது, இன்னும் கிழியவில்லை. நடுவில் நிறம் வெளுத்து, தொட்டால் அத்தனை மெத்தென்று இருக்கிறது.

அதைக் கீழே விரிக்கவும் செய்யலாம், மேலே போர்த்தவும் செய்யலாம். ஒரே தொல்லை, ஐப்பசி மழையில் துவைத்தால் இரண்டு நாள் காயாது.

கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி நாட்களில் போங்கள். 1935இல் தொடங்கிய சங்கம், தமிழ்நாடு முழுக்கக் கடை இருக்கிறது. கைத்தறி முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்ஷீட், ஜமக்காளம் இரண்டிலும் சில ரகங்கள் 1985ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் வரும். அந்தச் சட்டம் சொல்லும் ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும். நடைமுறையில் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் தாராளமாக விற்பனையாகிறது. நெசவாளிக்குக் கூலி குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். முத்திரை கேட்டு வாங்குவது நம் வீட்டுக்கும் நல்லது, தறி வீட்டுக்கும் நல்லது.

21 ஏப்ரல், சற்று நேரம் கழித்து

விசைத்தறி என்றாலே மட்டம் என்று அர்த்தம் இல்லை, அப்படிப் படித்துவிடாதீர்கள். கரூரில் நல்ல நூல் போட்டு, காற்றால் ஊடையைச் செலுத்தும் ஏர்ஜெட் தறியில் ஓட்டும் ஷீட் உலகம் முழுக்கப் போகிறது. மெல்லிய பெர்கேல் வேண்டுமென்றால் அதுதான். பொய்ப் பெயர் வைத்து விற்பதைத்தான் குறை சொல்கிறேன்.

28 ஏப்ரல், இரவு

"புது ஷீட்டைக் கல் உப்பில் ஊற வைத்தால் சாயம் போகாது" என்று நாலு பேர் அடித்துச் சொல்கிறார்கள். எங்கள் அம்மாவும் இதைத்தான் செய்வார். ஆனால் உப்பின் வேலை சாயத் தொட்டியில். தண்ணீரில் கரைந்த சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்குப் பட்டறையில் மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். ஏற்கெனவே சாயம் ஏறிய துணியில், ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு கட்டிப்போடாது. வினிகரும் அப்படித்தான். முதல் சில சலவைக்குத் தனியாகப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். தெளியாமல் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் சாயமே சரியில்லை.

அந்த உப்பு எங்கே போகிறது என்று கரூர், திருப்பூர்க்காரர்களிடம் கேளுங்கள். நொய்யலும் அமராவதியும் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்ற நிபந்தனையோடு, சுத்திகரிப்பு வசதி செய்த பிறகுதான் திரும்ப ஓடின. அடர் கறுப்பு, அடர் சிவப்பு ஷீட் ஒன்றுக்குச் சாயமும் உப்பும் தண்ணீரும் மிக அதிகம். நான் வெள்ளை, சந்தனம், வெளிர் நீலம் என்றே வாங்குவதற்கு இது முக்கியக் காரணம். அழுக்கும் உடனே தெரியும், துவைக்கத் தோன்றும்.

பிரிண்ட் போட்டதில் தொட்டுப் பாருங்கள். பூ இருக்கும் இடம் மட்டும் ரப்பர் மாதிரி தடிப்பாக இருந்தால் பிக்மென்ட் பிரிண்ட், வியர்வை இழுக்காது, வெடித்து உதிரும். பூவும் துணியும் விரலுக்கு ஒன்றாகவே தெரிந்தால் வாங்கலாம்.

2 மே

அளவு கேட்டவருக்கு. மெத்தை 78க்கு 72 அங்குலம், உயரம் 8 அங்குலம் என்கிறீர்கள். அகலம் 72, இரண்டு பக்கமும் இறங்க 16, அடியில் செருகப் பக்கத்துக்கு 10. மொத்தம் 108. நீளத்துக்கும் இதே மாதிரி போட்டால் 114 வரும், ஆக 108க்கு 114 வேண்டும். கடையில் 90க்கு 100ஐயும் கிங் சைஸ் என்று தள்ளிவிடுகிறார்கள், டேப் எடுத்துப் போங்கள். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும், 108 என்பது 103 ஆகக்கூட ஆகலாம். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எலாஸ்டிக் வைத்த ஷீட் எனக்குப் பிடிக்காது. வெயிலில் காய்ந்து காய்ந்து துணிக்கு முன்னால் எலாஸ்டிக் செத்துவிடும். குழந்தை தினமும் உருண்டு புரளும் கட்டிலுக்கு மட்டும் சரி.

ஈரோட்டுப் பக்கம் போகிறவர்கள் பெரிய பன்னா (அதாவது அகலமான) ஷீட்டிங் துணியை மீட்டர் கணக்கில் எடுத்துத் தைத்துக்கொள்ளலாம். கேட்டால் நூல் நம்பரோடு சொல்வார்கள். விலையும் குறைவு, உறையும் உங்கள் தலையணை அளவுக்கே வரும்.

5 மே, இரவு 9.50

பாலியஸ்டரை நான் ரொம்பத் திட்டுவதாகக் கோவை ஹாஸ்டல் மாணவர் ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். தம்பி, உங்களுக்குக் கலப்புதான் சரி. பக்கெட்டில் துவைத்து, அறைக்குள் கொடி கட்டி, காலையில் காய்ந்தே ஆக வேண்டும். இஸ்திரி கிடையாது. பாதிக்கு மேல் பருத்தி இருக்கும் கலப்பை எடுங்கள். விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் ஷீட்டுக்கும் கலப்பு நல்லதுதான். மாதக்கணக்கில் மடித்து வைத்தாலும் கசங்காது. முழு பாலியஸ்டர் மட்டும் எந்த வீட்டுக்கும் வேண்டாம் என்பேன், தலையணை உறைக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

ஏனென்றால் நாம் தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள். பாலியஸ்டர் தண்ணீரை விரட்டும், எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை துவைத்தாலும் அந்தச் சிக்கு வாடை விடாது. பருத்தியில் விடும். தேங்காய் எண்ணெய் கறைக்குப் பச்சைத் தண்ணீர் போதாது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், கறை மேல் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு, கால் மணி நேரம், பிறகு சோப்பு. உறை மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றினால் மஞ்சள் பாரிக்காது.

கம்ஃபர்ட் போல மணக்க வைக்கும் திரவங்களை ஷீட்டுக்கு ஊற்றாதீர்கள். மெழுகு மாதிரி நூலில் படியும், ஈரம் இழுப்பது குறையும். போர் தண்ணீரால் ஷீட் அட்டை மாதிரி ஆகிறது என்பவர்கள் சோப்பைக் குறைத்துக் கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்து பாருங்கள். எங்கள் வேளச்சேரி வீட்டில் அதுதான் வழி.

19 மே

கேள்வி கேட்டவர் வாங்கிவிட்டார். 210 கவுண்ட், சாதா நெசவு, வெளிர் நீலம், உறைகள் இல்லாமல் தராசில் 740 கிராம். எடை பொருந்துகிறது, அது பருத்திதான் என்று கொளுத்திப் பார்த்தும் சொல்லியிருக்கிறார். அம்மா இப்போது இடையில் எழுந்தாலும் திரும்பப் படுத்ததும் தூங்கிவிடுகிறாராம். படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் "கொஞ்சம் மொரமொரவென்று இருக்கிறது, கை முட்டியில் உராய்கிறது" என்றாராம்.

20 மே, காலை

அந்த முட்டி உராய்வை ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். வயதானவர்களுக்குத் தோல் மெலிந்து காய்ந்திருக்கும். இளம் உடம்புக்குச் சுகமாக இருக்கும் விறைப்பு அவர்களுக்கு உறுத்தும். பெர்கேல்தான் என்று அடித்துச் சொன்னதற்கு இந்த இடத்தில் விதிவிலக்கு வைக்க வேண்டும். வியர்வை உள்ள முதியவருக்குச் சாதா நெசவே, ஆனால் 60ஆம் நம்பருக்குக் குறையாத மெல்லிய நூலில், விரிப்பதற்கு முன் நாலைந்து தடவை துவைத்து. கஞ்சியும் முழுக்க இறங்கும், நூலும் இளகும். வாங்கியாயிற்று என்பதால் இப்போதைக்கு அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை துவைத்துப் போடுங்கள், இஸ்திரி வேண்டாம்.

வியர்வை இல்லை, தோல் வறட்சிதான் பிரச்சினை என்றால் 300 கவுண்ட் சாட்டின் நெசவுப் பருத்தி.

'சுருக்கமே விழாது' என்று எழுதிய பருத்தி ஷீட்டைத் தோல் தொந்தரவு உள்ளவர்களுக்கு வாங்க வேண்டாம். அதில் ஏற்றும் பிசினில் ஃபார்மால்டிஹைடு சேர்வது வழக்கம். பிரித்ததும் மூக்கில் ஏறும் நெடி வந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்த ஷீட்டானாலும் ஒரு தடவையாவது துவைக்காமல் விரிக்கக் கூடாது.

3 ஜூன்

மூங்கில் ஷீட். துணி மென்மையானது, ஈரமும் இழுக்கும். ஆனால் மூங்கிலை ரசாயனத்தில் கரைத்துக் கூழாக்கி இழுத்த விஸ்கோஸ்தான் அது, ரேயான் குடும்பம். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009லேயே, ரேயானை மூங்கில் துணி என்று பெயர் போட்டு விற்றவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. இயற்கை என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மென்மைக்காக வாங்கினால் நனைந்த நிலையில் முறுக்கிப் பிழியாதீர்கள், ஈரத்தில் விஸ்கோஸுக்குப் பலம் குறையும்.

30 ஜூன், இரவு 10.15

படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு என்ன விரிப்பது என்று மதுரையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். இதற்கு முதலிலேயே தனியாக எழுதியிருக்க வேண்டும், எத்தனையோ வீட்டில் இருக்கும் விஷயம்.

புது ஷீட் வேண்டாம். வீட்டில் இருப்பதிலேயே பழைய, நன்றாகத் துவைத்து இளகிய பருத்தி ஷீட்டை விரியுங்கள். அதன் மேல் இடுப்புப் பகுதியில் குறுக்காக ஒரு வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டு இரு பக்கமும் செருகுங்கள். நனைந்தால் அதை மட்டும் உருவி மாற்றலாம், முழு ஷீட்டையும் ஒவ்வொரு தடவையும் பிரிக்க வேண்டாம். ரப்பர் ஷீட் போடுவதானால் அதற்கும் உடம்புக்கும் நடுவில் துணி இருந்தே ஆக வேண்டும். தையலோ ஒட்டோ முடிச்சோ முதுகுக்கு அடியில் வரக்கூடாது. ஒரு சின்னச் சுருக்கம்கூட மணிக்கணக்கில் அழுத்தினால் புண் வைத்துவிடும். காலையிலும் மாலையிலும் இழுத்து விட்டுத் தடவிப் பாருங்கள். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது பற்றி நர்ஸிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், ஷீட் மட்டும் புண்ணைத் தடுக்காது.

1 ஜூலை

"பழைய ஷீட் நடுவில் நைந்துபோய் இருக்கிறது, ஓரம் எல்லாம் நன்றாக இருக்கிறது, இதையா விரிப்பது?" என்று அவரே திரும்பக் கேட்டிருக்கிறார். அதைத் தூக்கிப் போடாதீர்கள். நீளவாக்கில் நடுவில் இரண்டாகக் கிழியுங்கள், சாதா நெசவு என்றால் ஒரு வெட்டு கொடுத்து இழுத்தால் நேராகக் கிழியும். இரண்டு துண்டையும் இடம் மாற்றி, வெளி ஓரம் இரண்டும் நடுவில் வருமாறு சேர்த்துத் தைத்துவிட்டால் உழைக்காத துணி நடுவுக்கு வந்துவிடும். நைந்த பக்கம் கட்டில் ஓரத்துக்குப் போய் மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளும். ஆனால் நடுவில் தையல் வருகிறதே, அதனால் இது அப்பாவின் கட்டிலுக்கு ஆகாது, நீங்கள் படுக்கும் கட்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு நையாத பழைய ஷீட் வேறு இருந்தால் அது, இல்லையென்றால் இரண்டு எட்டு முழ வேட்டி. தையல்காரரிடம் கொடுக்கும்போது மடிப்புத் தையல் தட்டையாக விழ வேண்டும் என்று சொல்லுங்கள், ஓவர்லாக் மட்டும் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.